சின்னம்மாவுக்குக் கட்டிய மல்லி

போன மாதம் கள்ளக்குறிச்சியில் நடந்த கல்யாணத்துக்கு நாம் எல்லோரும்தான் போயிருந்தோம். மண்டப வாசலில் பூத்தட்டு வைத்திருந்த பெண் எங்கள் சின்னம்மாவுக்கு ஒரு முழம் மல்லியை நீட்டினாள். சின்னம்மா சிரித்துக்கொண்டே பக்கத்துத் தட்டில் இருந்த கற்கண்டை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தாள். பின்னால் நின்ற நீங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். "புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே பூ வேணாங்கிறா பாரு" என்று உங்களில் ஒருத்தி சொன்னது என் காதிலும் விழுந்தது. யார் என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் ஒரே தெருவில் தட்டாங்கல் ஆடியவர்கள். சண்டை போடும் வயதையும் தாண்டிவிட்டோம், ஊசியில் நூல் கோக்கவே கண்ணாடி தேடுகிறோம். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அதனால் சொல்லிவிடுகிறேன்.

மரம் வெட்டிப் போட்ட வருஷம் என்றால் உங்களுக்கு விளங்கிவிடும். படிப்பிலும் வேலையிலும் நம் ஜனங்களுக்குத் தனியாக இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டு, நம் பக்கத்து ரோடுகளில் எல்லாம் மரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்த வருஷம். கச்சிராயபாளையம் ரோட்டில் நம் ஊர் முனையில் நின்ற பெரிய புளியமரமும் அந்த வாரத்தில்தான் விழுந்தது. அதன் பொந்தில் நாம் ஒளித்து வைத்திருந்த வளையல் துண்டுகளை நினைத்து நான் இரண்டு நாள் சோறு சரியாகத் தின்னவில்லை. பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. ஆண்கள் போலீசுக்குப் பயந்து பகலெல்லாம் கரும்புத் தோட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய் வரப்பில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காத மாதிரி திரும்பி வருவார்கள். நாம் நடு ரோட்டில் கோடு கிழித்துப் பாண்டி ஆடினோம். வண்டி வாகனம் இல்லாத தார் ரோடு நமக்குக் கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பின்னால் எனக்கு வாத்தியார் படிப்புக்கு இடம் கிடைத்தது அந்தப் போராட்டத்தால்தான். அந்தப் புளியமரத்தின்மேல் கால் வைத்து ஏறித்தான் நான் வேலைக்குப் போனேன். அதனால் அந்த வாரத்தை நல்லது என்றும் சொல்ல முடியவில்லை, கெட்டது என்றும் சொல்ல முடியவில்லை.

சின்னம்மா என் அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. எலவனாசூர்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர்களைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் முன்னாலேயே போய்விட்டதால், தலைப்பிரசவத்துக்கு அக்கா வீடே தாய்வீடு என்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த ஆவணி தொடக்கத்தில் ஆண்குழந்தை பிறந்தது. தலை நிறைய முடி. நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து பையை வீசிவிட்டு அதன் உள்ளங்காலை முகர்ந்து பார்ப்பேன். தொப்புள்கொடி விழுந்து, பெயர் வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு காலையில் அது பாலுக்கு வாய் திறக்கவில்லை. அப்போது பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பஸ் இருந்தும் பிழைக்கவில்லை. அப்பா துண்டில் சுற்றிக் கொண்டுவந்து வாய்க்கால் கரையில் புதைத்தார். அவ்வளவு சின்னப் பிள்ளைக்குச் சடங்கு ஒன்றும் கிடையாது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிட்டார்கள்.

பிள்ளை போனது பாலுக்குத் தெரியவில்லை. அது வேளை தவறாமல் சுரந்தது. சின்னம்மா உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், ரவிக்கை நனைந்துகொண்டே இருக்கும்.

"ஏய், தோட்டத்துக்குப் போயி மல்லி கிள்ளிக்கினு வா. மடி நெறய எடுத்துக்கினு வா" என்றாள் அம்மா.

வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு மல்லித் தோட்டம் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சின்னத் துண்டு நிலம்தான். நான் சின்னம்மா தலையில் வைத்துவிடத்தான் பூ கேட்கிறாள் என்று நினைத்து, நல்ல மொட்டாகப் பார்த்துப் பறித்துக்கொண்டு ஓடினேன். அம்மா பூவைத் தண்ணீரில் அலசி, கையால் லேசாகக் கசக்கி, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து அதில் பரப்பி, சின்னம்மாவின் மார்பில் வைத்து முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டாள். பூ வாடியதும் எடுத்துப் போட்டுவிட்டு வேறு பூ வைக்க வேண்டும். காலையிலும் சாயங்காலமும் கட்டினால் சில நாளில் பால் வற்றிவிடும்.

உங்களுக்கு இது தெரியாததில்லை. பிள்ளைக்குப் பால் மறக்கடித்தபோது நம்மில் பாதிப்பேருக்குக் கட்டியதுதான். கண் சிவந்தால் நந்தியாவட்டை, முடி கொட்டினால் செம்பருத்தி, உடம்புச் சூட்டுக்கு ஆவாரம்பூ என்று வாசலிலும் வேலியிலும் இருந்ததை வைத்தே நம் வீடுகளில் பாதி வைத்தியம் நடந்தது. ஆனால் மற்றப் பூவெல்லாம் இல்லாததைக் கொடுக்கும். மல்லி ஒன்றுதான் இருப்பதை எடுத்துக்கொண்டு போகும்.

அம்மாவுக்கு அவசரம் இருந்தது. "பால் கட்டிக்கினா மாரு கல்லாட்டம் ஆயிடும்டி. ஜொரம் வரும், சீழ் வெக்கும். அதுக்குள்ள உங்க மாமியா வூட்லருந்து வேற வந்து கூப்புடுவாங்க. இந்தக் கோலத்துல எப்பிடி அனுப்புறது?" என்று சொல்லிக்கொண்டே முடிச்சை இறுக்குவாள்.

வலி பொறுக்கமுடியாத வேளையில் கொஞ்சம் பாலைப் பீய்ச்சி எடுத்தார்கள். குழந்தைக்கு மருந்து புகட்ட வாங்கியிருந்த பாலாடைதான் பாத்திரம், மூக்கு வைத்த அந்தச் சின்னக் கிண்ணம். கால் படுகிற இடத்தில் தாய்ப்பாலை ஊற்றக்கூடாது என்று அதை என் கையில் கொடுத்து மல்லிச் செடி அடியில் ஊற்றிவிட்டு வரச் சொல்வார்கள். நான் ஊற்றிவிட்டு, அதே செடியிலிருந்து பூ பறித்துக்கொண்டு வருவேன். அப்போது அது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது எங்கள் பள்ளிக்கூட வாசலில் இருக்கிற மல்லிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அந்த வெதுவெதுப்பான கிண்ணம் உள்ளங்கையில் இருக்கிற மாதிரியே இருக்கிறது.

எத்தனை தடவை கட்டியும் பால் குறையவில்லை. அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மழ மல்லிடி இது. வெய்யில்ல பூத்தாதான் பூவுக்கு வீரியம். இதுல தண்ணிதான் ஜாஸ்தி" என்று முடிவு கட்டிவிட்டாள். அன்றிலிருந்து ஒரு மடிக்குப் பதில் இரண்டு மடி பூ.

ஒரு மத்தியானம் நான் மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் வைக்கப் போனேன். தொட்டியில் கைநிறைய மல்லி மிதந்தது, வாடாத பூ. மாடு மூக்கால் அதைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் குடித்தது. நான் சின்னம்மாவிடம் போய் நின்றேன். வெறும் துணியை மட்டும் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் சின்னம்மா பூவத் தூக்கிப் போட்ட?"

"உங்கம்மாகிட்ட சொல்லாத."

"ஜொரம் வரும்னு அம்மா சொல்லுதே."

"வரட்டும்." என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். "அவன் வந்துட்டுப் போனதுக்கு இது ஒண்ணுதான்டி மிச்சம் இருக்குது. பேரு இல்ல, போட்டோ இல்ல. இதையும் வத்தடிச்சிட்டா, எனக்குப் புள்ள பொறந்துச்சின்னு நானே எப்பிடி நம்புறது?"

எனக்கு அப்போது பதினோரு வயது. விளங்கியும் விளங்காமலும் தலையை ஆட்டினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்த வாரத்தில்தான் மரங்கள் விழுந்தன. பஸ் நின்றதும் பூ மூட்டை கள்ளக்குறிச்சிக்குப் போகவில்லை. செடிக்குப் போராட்டம் தெரியுமா? அது பாட்டுக்குப் பூத்தது. பறிக்காமல் விட்டால் செடி கெட்டுப்போகும் என்று பறித்தார்கள், பறித்த பூவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. மாரியம்மன் மூக்குவரைக்கும் பூவில் முழுகிக் கிடந்தாள். உங்கள் தலையில் எல்லாம் பின்னலே தெரியாத அளவுக்குப் பூ. குப்பைமேட்டில் கோழி பூவைக் கிளறியது. ஊரே கல்யாண வீடு மாதிரி மணத்தது. எங்கள் வீட்டில் அந்த வாசனைக்கு நடுவில் ஒருத்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அம்மா கூடை கூடையாகப் பூ எடுத்து வந்து கட்டினாள். சின்னம்மா கூடை கூடையாக மாட்டுத் தொட்டியில் போட்டாள்.

ஒருநாள் காலை, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஜீப் ஒன்று புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. வெள்ளிமலைக்கும் அப்பால் இருக்கிற ஊர்க்காரர்கள். புதிதாகப் பிள்ளை பெற்ற ஒரு பெண், அவள் புருஷன், புருஷனுடைய அக்கா. அந்த அக்காவின் கையில் துணியில் சுற்றிய குழந்தை. பெற்றவளுக்குக் காய்ச்சல் ஏறி நினைவே இல்லை. கண் பாதி திறந்திருந்தது. ஜீப்காரன் கண்ணாடியை உடைத்துவிடுவார்கள் என்று பயந்து, அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

செய்தி கேட்டு அப்பா கரும்புக்குள்ளிருந்து எழுந்து வந்தார். மேலெல்லாம் கரும்புச் சோகை அறுத்த கீறல். அந்த மரத்தில் விழுந்த வெட்டுகளில் அவருடையதும் உண்டு. கொஞ்சநேரம் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வண்டியப் பூட்டுறன். வாய்க்கா கர மேலயே போயி ஆஸ்பத்திரில சேத்துட்லாம்" என்றார்.

"ரோட்ல தலயக் காட்டுனா உன்னப் புடிச்சிக்கினு போயிடுவான்" என்று தோட்டத்துக்குள்ளிருந்து யாரோ சத்தம் கொடுத்தார்கள்.

"புடிச்சா புடிக்கட்டும். இந்தப் பொண்ணுக்கு எதுனா ஆச்சின்னா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வேல குடு, படிப்பு குடுன்னு கேக்கறது?"

கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வண்டியில் வைத்தார்கள். குழந்தையை அவ்வளவு தூரம் வெயிலில் கொண்டுபோக வேண்டாம், தாய்க்கு நினைவு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னாள். புருஷனின் அக்கா குழந்தையோடு எங்கள் வீட்டில் தங்கிக்கொண்டாள். அவளை நாங்கள் மலைக்காரம்மா என்றே கூப்பிட்டோம். ஒல்லியான பெண், அதிகம் பேச மாட்டாள்.

மாட்டுப்பாலில் தண்ணீர் கலந்து, ஆற்றி, அந்தப் பாலாடையிலேயே புகட்டினார்கள். குழந்தை குடித்த கையோடு கக்கியது. மறுபடி புகட்டினார்கள், மறுபடி கக்கியது. சர்க்கரைத் தண்ணீரும் தங்கவில்லை. மத்தியானத்துக்குமேல் அழுகையில் சத்தமே குறைந்துபோனது. முதலில் ஊர் கேட்க அழுத பிள்ளை, பிறகு பூனைக்குட்டி மாதிரி முனகியது. எங்கள் வீட்டில் அந்த மாதிரிச் சத்தம் ஏற்கெனவே ஒருதரம் கேட்டிருந்தோம்.

அப்போது சின்னம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். ரவிக்கையின் முன்புறம் முழுக்க நனைந்து, புடவையும் நனைந்திருந்தது.

"குடுங்க, நான் குடுக்கறன்" என்றாள்.

வீட்டில் அப்போது தெருப் பெண்கள் நிறையப்பேர் நின்றார்கள். முன்னால் நின்றவள் என் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் பெண்டாட்டி. தெருவில் எதுவானாலும் அவள் வாயைத் தாண்டித்தான் போகும்.

"வேணான்டி" என்றாள் பெரியம்மா. "பூ வெச்சிக் கட்டுன மாரு. அந்தப் பாலு கசந்து போயிருக்கும். அதுவும் செத்த புள்ளைக்குன்னு ஊறுன பாலு. ஊரான் வூட்டுப் புள்ளைக்கு அதக் குடுத்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா, மலையிலருந்து எறங்கி வந்து கேப்பாங்க. நாம இன்னா பதில் சொல்றது?"

பெரியம்மாவைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். நம் தெருவில் அன்றைக்கு அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள். அம்மாவும்தான். பூவெல்லாம் மாட்டுத் தொட்டிக்குப் போனது எனக்கும் சின்னம்மாவுக்கும்தான் தெரியும். சின்னம்மா அதைச் சொல்லித் தன் பக்கம் நியாயம் பேசவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கை இரண்டும் நீட்டியபடி இருந்தது.

மலைக்காரம்மாதான் பேசினாள். "கசந்தா புள்ள துப்பிடும்மா. அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?" என்று குழந்தையை எடுத்துச் சின்னம்மா கையில் கொடுத்துவிட்டாள்.

சின்னம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அம்மா பெண்களை எல்லாம் வெளியே போகச் சொன்னாள். யாரும் போகவில்லை. குழந்தை தேடியது, தலையை ஆட்டியது, பிறகு பிடித்துக்கொண்டது. அது முழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்சநேரத்தில் அதன் நெற்றியில் வேர்த்தது. "வேர்க்குது பாரு, இனிமே பயமில்ல" என்றாள் மலைக்காரம்மா. பெரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. பிள்ளையைப் புதைத்த வீடு அது. ஒரு தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வெளியே போலீஸ் வண்டி சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நாட்களைப் போய் யாராவது திரும்ப வேண்டும் என்று கேட்பார்களா? நான் கேட்பேன். சின்னம்மா சுவர்ப் பக்கம் இருந்து திரும்பி உட்கார்ந்தாள். தலை வாரிக்கொண்டாள். ஒரு தட்டுச் சோறு தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள். கொடியில் மறுபடி சின்னச் சின்னத் துணிகள் காய்ந்தன. பூ கட்ட வேண்டியதில்லை என்பதால் அம்மாவும் கோபம் இல்லாமல் இருந்தாள். நான் சின்னம்மா முதுகில் சாய்ந்துகொண்டு, அவள் பாடுகிறாளா பேசுகிறாளா என்று தெரியாத அந்த முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பால், வசம்பு, நல்லெண்ணெய், வெளியிலிருந்து வருகிற மல்லி வாசனை எல்லாம் கலந்து அந்த அறை மணக்கும். அதற்குப்பின் எந்த அறையிலும் அந்த வாசனை எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கே இரண்டு பிள்ளைகள் பிறந்தபோதும் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அப்பா மறுநாள் திரும்பினார். நோயாளி வண்டி என்று அவரை யாரும் பிடிக்கவில்லை. "ஊசி போட்டிருக்காங்க. கண்ணு தொறந்து பாத்துச்சி. மொதல்ல புள்ளையத்தான் கேட்டுச்சி" என்றார். சின்னம்மா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "பொழச்சி வரட்டும், பாவம்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து குழந்தையைத் தொட்டிலில் போடவில்லை. தூங்கும்போதும் மடியிலேயே வைத்திருந்தாள்.

மறியல் முடிந்து ஆட்கள் வந்து புளியமரத்தை அறுத்து ஓரமாகத் தள்ளினார்கள். முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது நாமெல்லாம் ரோட்டுக்கு ஓடினோம். அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. மத்தியான பஸ்ஸில் மலைக்காரரும் அவர் பெண்டாட்டியும் வந்து இறங்கினார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். என்னைவிடப் பெரிய பெண் மாதிரியே தெரியவில்லை.

"எம் புள்ள ரொம்ப அழுதானா?" என்று கேட்டாள்.

"அழுவல. நல்லாதான் இருந்தான்" என்றாள் சின்னம்மா. பிறகு, "உனக்குப் பால் இருக்குதா?" என்று கேட்டாள்.

"இருக்குதுக்கா. ஆஸ்பத்திரில நர்சு பீச்சிக்கினே இருக்கச் சொன்னாங்க. நிக்காம வருது."

சின்னம்மா தலையை ஆட்டினாள். "ஒருவாட்டி குடுத்துட்டுத் தர்றன்" என்றாள். அந்தப் பெண் சரி என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். குழந்தை குடித்துவிட்டுத் தூங்கியதும் சின்னம்மா அதன் வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்து, அவள் மடியில் வைத்தாள். வெள்ளிமலை பஸ் வந்தது. மலைக்காரம்மா சின்னம்மாவின் கன்னத்தைத் தொட்டுத் தன் கையை முத்தமிட்டுக்கொண்டாள். அவர்கள் போய்விட்டார்கள்.

திரும்பி வந்தார்களா என்று கேட்பீர்கள். அடுத்த பலாக் காலத்தில் வந்தார்கள். ஆளுக்கு ஒரு பழம் சுமந்துகொண்டு, தவழ்கிற பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சின்னம்மா அப்போது எலவனாசூர்கோட்டையில் இருந்தாள். அம்மா பழத்தை அறுத்துத் தெருவுக்கே கொடுத்தாள். அவர்கள் வந்துபோனதைச் சின்னம்மாவிடம் சொல்லவில்லை. "அவளே மறந்துட்டு நிம்மதியா இருக்கறா. ஏன் கெளறணும்?" என்றாள். என் அம்மா நல்லவள். தங்கைமேல் உயிரையே வைத்திருந்தாள். ஆனாலும் அந்த ஒரு பேச்சில் அவள் கணக்கு எவ்வளவு தப்பு என்று நினைத்தால் இப்போதும் பொறுக்கவில்லை. சின்னம்மா அந்தக் காலமெல்லாம் கச்சிராயபாளையம் பக்கம் யார் போய் வந்தாலும், "மலையிலருந்து யாருனா எறங்குனாங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அது பிறகு நடந்தது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தை நான் இன்னும் சொல்லவில்லை.

பஸ் போனபின் சின்னம்மா பழையபடி உள்ளறையில் போய் உட்கார்ந்தாள். பொழுது சாய்வதற்குள் மார் இரண்டும் கல்லாகிவிட்டது. முகம் சிவந்து, உடம்பு சுட்டது. வலியில் கையைத் தூக்க முடியவில்லை. பீய்ச்சவும் விடவில்லை. அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது அவளே என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"போயி பூ எடுத்துக்கினு வாடி."

நான் தோட்டத்துக்கு ஓடினேன். செடியில் ஒரு மொட்டுகூட இல்லை. ரோடு திறந்துவிட்டது என்றதும், ஒரு வாரமாகக் காசு காணாத ஊர், விடியற்காலையிலேயே எல்லாப் பூவையும் கிள்ளி முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டது. பக்கத்துத் தோட்டத்திலும் இல்லை, அதற்கடுத்த தோட்டத்திலும் இல்லை. கோழி கிளறிய பூ, மாடு முகர்ந்த பூ, வீரியம் இல்லை என்று அம்மா வைத பூ, எதுவும் அன்றைக்கு இல்லை. இனி மறுநாள் விடிந்தால்தான் மொட்டு. நான் வெறுங்கையோடு தெருவில் அழுதுகொண்டே வந்தேன்.

பெண்கள் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம். எல்லார் தலையிலும் அன்று காலையில் தொடுத்த பூ. துக்க வீடு என்பதால் எங்கள் வீட்டில் மட்டும் யாரும் பூ வைக்கவில்லை. பெரியம்மா என்னை நிறுத்தினாள்.

"இன்னாடி? இன்னாத்துக்கு அழுவுற?"

"பூ இல்ல பெரியம்மா. செடில ஒண்ணுகூட இல்ல. சின்னம்மாவுக்கு ஜொரம் அடிக்குது. அதுவே பூ கேட்டுச்சி."

"அவளே கேட்டாளா?"

"ம்."

விளக்கு வைக்கிற நேரத்தில் கட்டுக்கழுத்தி தலையில் இருக்கிற பூவை எடுக்கக்கூடாது. வாடியிருந்தாலும் எடுக்கக்கூடாது, புருஷனுக்கு ஆகாது. இதை நமக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்ததே பெரியம்மாதான். பூ உறுத்துகிறது என்று நான் ஒருதரம் அந்த நேரத்தில் எடுத்ததற்குப் புறங்கையில் சூடு வைத்தமாதிரி அடித்திருக்கிறாள். அவள் அங்கேயே, நடுத்தெருவில், கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையிலிருந்து பூவை உருவினாள்.

"பாவாடைய ஏந்து" என்றாள்.

பின்னால் வந்தவர்கள் என்ன ஏது என்று கேட்டார்கள். பெரியம்மா ஒரு வார்த்தையில் சொன்னாள். யாரும் பெருமாளைத் திரும்பிப் பார்க்கவில்லை, புருஷனை நினைக்கவில்லை. ஒவ்வொருத்தியாகத் தலையில் கை வைத்து உருவி என் பாவாடையில் போட்டார்கள். உங்கள் அம்மாக்கள்தான். உங்களில் இரண்டு பேருடைய பின்னலிலிருந்தும் பூவை எடுத்துப் போட்டார்கள், உங்களுக்கு நினைவில்லை போலிருக்கிறது. எண்ணெய் வாசனையும் வேர்வையும் ஏறிய பூ, முடி சிக்கிய பூ. சாமிக்கு ஆகாது. என் பாவாடை நிறைந்துவிட்டது.

பெரியம்மாவே எங்கள் வீட்டுக்குள் வந்தாள். நாரிலிருந்து பூவை உருவி, கசக்கி, துணியில் பரப்பினாள். கட்டப்போகும்போது சின்னம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னேரத்துக்கு அவங்க மல ஏறியிருப்பாங்களா?"

"ஏறியிருப்பாங்க."

"அவன் அழுவானா?"

"இன்னாத்துக்கு அழுவுறான்? வயிறு ரொம்பக் குடிச்சிட்டுத்தான போனான். அவங்கம்மா மடில தூங்கிக்கினு இருப்பான்."

சின்னம்மா கையை விட்டாள்.

"அப்பிடின்னா கட்டுங்க" என்றாள்.

அந்தப் பூ வேலை செய்தது. அதன்பிறகு சின்னம்மாவுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அவர்களுக்குப் பால் மறக்கடித்தபோது மல்லி கட்ட வேண்டாம் என்று வேப்பெண்ணெய் தடவிக்கொண்டாள். தலையில் கனகாம்பரம் வைப்பாள், டிசம்பர்ப் பூ வைப்பாள். மல்லி வைப்பதில்லை. அதற்காக மாமியார் பேசாத பேச்சில்லை. ஒருதரம் நானே கேட்டேன். "அந்த வாசன பட்டா மாரு கனக்குதுடி. இந்த வயசுலயும் கனக்குது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

தை பிறந்தால் மறுபடி கல்யாணங்கள் வரும், நாமும் போவோம். பூத்தட்டு அவள் பக்கம் வந்தால் அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் கற்கண்டை மட்டும் நீட்டுங்கள்.